திமிங்கிலம் பார்க்க ஆற்றை போட்டில ஏறினனீங்கள்?

ஒவ்வொரு வருசமும் புரட்டாதி பிறந்தால் எங்கட ஆக்கள் ஊருக்குப் போய்வந்த கதைகள் தொடங்கிவிடும். நல்லூர்த் தேர் பார்த்த கதை, கீரிமலையில் குளித்த கதை, கறுத்தக்கொழும்பான் தின்ற கதை. இப்போது கொஞ்சக் காலமாகப் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: திருகோணமலையில் திமிங்கிலம் பார்த்த கதை. கைத்தொலைபேசியை நீட்டிக் காட்டுவார்கள். நீலக் கடல், ஒரு கரிய முதுகு, புஸ்ஸென்று மேலெழும் நீர்ப்புகை, "அங்க, அங்க" என்று பிள்ளைகள் கத்துகிற சத்தம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் ஒரேயொரு கேள்விதான் கேட்பேன்: "ஆற்றை போட்டில போனனீங்கள்?"

பெரும்பாலும் பதில் தெரியாது. "ஹொட்டல்காரர் ஒழுங்குபண்ணினவை" என்பார்கள். பிறகு ஒரு சிரிப்பு. "உமக்குத் திமிங்கிலம் பாக்கிறதிலயும் அரசியலோ?"

ஓம், அதிலும் அரசியல் இருக்கிறது. அது நாங்கள் கொண்டுபோய்ப் பூசிய அரசியல் இல்லை. திமிங்கிலம் கடலில் இருக்கிறது. கடலுக்கு யார் போகலாம், யார் போகக்கூடாது என்று ஒருவர் தீர்மானிக்கிறார். அந்த இடத்திலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது.

சரி, நான் இருக்கிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்காபுறோ, பிக்கறிங், விட்பி என்று நாங்கள் வீடு மாறி மாறிக் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறோமே, இந்த மூன்று பெயர்களும் இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர்ப் பக்கத்துப் பெயர்கள். அந்த விட்பி ஒரு துறைமுக ஊர். 1753 தொடக்கம் ஏறத்தாழ 1837 வரை அங்கிருந்து கப்பல்கள் வடதுருவக் கடலுக்குப் போய்த் திமிங்கிலம் கொன்று கொழுப்பை உருக்கிக்கொண்டு வந்தன. ஊரின் மேட்டில் இன்றைக்கும் திமிங்கிலத் தாடையெலும்பால் ஒரு வளைவு நிற்கிறது. கொன்ற காலம் போய், இப்போது அதே துறைமுகத்திலிருந்து கோடை முடிவில் சுற்றுலாப் படகுகள் திமிங்கிலம் காட்டப் போகின்றன. கொன்றவர்களின் ஊர் காட்டுகிறவர்களின் ஊராக மாறியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கொன்றபோதும் காட்டும்போதும் படகு அந்த ஊராருடையது. எங்கள் கதை அப்படியில்லை.

எங்கள் விட்பி ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் திமிங்கிலம் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் கியூபெக் மாகாணத்தின் ததூசாக் என்ற ஊருக்குப் போகவேண்டும். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாத வெள்ளி இரவு, என் நண்பனும் நானும் காரில் கிளம்பினோம். அவனும் விட்பிக்காரன்தான். திருகோணமலைக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்தில் கடற்றொழிலாளியின் மகனாகப் பிறந்தவன். இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. கனடாவுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேலாகியும் ஒருநாளும் படகில் ஏறாதவன்.

சென் லோறன்ஸ் நதி கடலாக விரியத் தொடங்குகிற இடத்தில் சாகனே ஆறு வந்து கலக்கிறது. ஆழத்தில் கிடக்கிற குளிர்ந்த உப்புநீர் அங்கே மேலே தள்ளப்படுகிறது. அதோடு சிறு இறால் மாதிரியான உயிர்களும் மீனும் சேர்கின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கிலங்கள் வருகின்றன. வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை இதுதான் அங்கே தொழில். 1998 இல் அந்த இடத்தைக் கடற்பூங்காவாக அறிவித்தார்கள். பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலம் வருசம் முழுக்க அங்கேயே இருக்கிறது.

படகு புறப்பட்டு ஒரு மணித்தியாலத்தில் தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ அலைநுரை போலத் தெரிந்தது. பெலூகாக்கள். படகோட்டி வேகத்தைக் குறைத்தார். கிட்டப் போகமாட்டோம் என்றார். பெலூகாவுக்கும் நீலத் திமிங்கிலத்துக்கும் 400 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். பின்னால் நின்ற சில சனங்கள் முணுமுணுத்தார்கள், இவ்வளவு காசு கொடுத்து வந்து புள்ளியாகப் பார்க்கவா என்று. என் நண்பன் முணுமுணுக்கவில்லை. "எங்கட அப்புவும் உப்பிடித்தான் மச்சான். தூரத்தில முதுகு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிட்டிட்டு வள்ளத்தை விலத்திக்கொண்டு போவார்" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்:

"நீ கவனிச்சியோ? இவ்வளவு தூரம் கடலுக்க வந்திட்டம். ஒருத்தனும் எங்களிட்டை பாஸ் கேக்கேல்லை."

இந்த ஒரு வசனத்தை விளங்கப்படுத்தத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட அவ்வளவு ஆழம் கிடைப்பது அரிது. அதனால்தான் நீலத் திமிங்கிலங்கள் கரையை ஒட்டி வருகின்றன. கோணேசர் கோயிலடி மலையில் நின்றே காணலாம். ஊர்ச் சனத்துக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விசயம். வெளியுலகத்துக்கு எண்பதுகளின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. 'ரியூலிப்' என்ற பாய்மரப் படகில் ஹால் வைற்ஹெட் முதலான ஆராய்ச்சியாளர்கள் இந்து சமுத்திரத்தில் திமிங்கிலம் தேடித் திரிந்தபோது திருகோணமலைக் கடலில் அவற்றைக் கண்டு ஆராய்ந்தார்கள். அது 1983, 1984 காலம். 1983 என்றால் எங்களுக்கு என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆராய்ச்சியாளர்கள் போய்விட்டார்கள். யுத்தம் வந்தது. கடல் பூட்டப்பட்டது.

பூட்டப்பட்டது என்று நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து வடக்கு கிழக்கில் மீன்பிடிக்கப் போக பாஸ் வேண்டும். இன்ன நேரத்துக்குப் போய் இன்ன நேரத்துக்குத் திரும்பவேண்டும். பல இடங்களில் இரவுத் தொழில் இல்லை. இவ்வளவு தூரத்துக்கு அப்பால் போகக்கூடாது, பெரிய இயந்திரம் பூட்டக்கூடாது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. இரவில் வலைபோட்டு விடிய வாங்குகிற தொழிலாளிக்கு இரவுத் தடை என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். கடல் இருக்கும், மீன் இருக்கும், அடுப்பு எரியாது.

பிழைப்பு மட்டுமா? 1985 வைகாசி 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நினைவிருக்கிறதா? நடுக்கடலில் மறித்து, ஏறி, வெட்டினார்கள். குறைந்தது 23 பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். கடற்படை மறுத்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தப் படகில் வந்தவர்கள் திமிங்கிலம் பார்க்கப் போனவர்கள் இல்லை. சந்தைக்கும் ஆசுப்பத்திரிக்கும் வேலைக்குமென்று பயணம் போன சாதாரண சனங்கள்.

இப்போது 2009 க்குப் பின்னால் வாருங்கள். யுத்தம் முடிந்த சூட்டோடு இலங்கைக் கடற்படை சுற்றுலாத் தொழிலில் இறங்கியது. தன்னுடைய கப்பலில் சனத்தை ஏற்றி, ரிக்கற் விற்று, திமிங்கிலம் காட்டியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் இருக்கிற ஹம்மன்ஹீல் கோட்டையை ஹொட்டலாக்கியது. காங்கேசன்துறையில், சனம் திரும்பிப் போகமுடியாதிருந்த உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், இராணுவம் 'தல்செவன' என்று கடற்கரை விடுதி நடத்தியது. காணிக்காரர் முகாமில், காணிக்குள் விருந்தினர்.

உலகத்தில் எந்த நாட்டில் கடற்படை திமிங்கிலம் காட்டிக் காசு வாங்குகிறது? கனடாக் கடற்படை ததூசாக்கில் ரிக்கற் விற்றால் இங்கத்தைய பத்திரிகைகள் சும்மா விடுமா? வருசக் கணக்காக மீனவனைக் கடலுக்குப் போகாதே என்று மறித்தவர்கள், மறிப்பை எடுத்த கையோடு அதே கடலின் வாசலில் ரிக்கற் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இதைச் சாதாரண வியாபாரம் என்று என்னால் சொல்லமுடியாது.

இதற்கு மூன்று மறுமொழிகள் வழமையாக வரும்.

முதலாவது: "கடற்படையெண்டா பாதுகாப்பு. மீன்பிடிக்காரனிட்டை மிதவைச் சட்டையும் இல்லை, ஒண்டுமில்லை." மிதவைச் சட்டை வானத்திலிருந்து விழுகிற பொருள் இல்லை. மீனவனுக்கு அனுமதிப்பத்திரமும் பயிற்சியும் கடனும் கொடுத்தால் அவனும் வாங்கிப் போடுவான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உள்ளூர்ப் படகுக்காரர் பலர் இதைச் செய்யத்தான் செய்கிறார்கள். அந்தக் கடலின் நீரோட்டமும் காற்றும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது: "அந்த நாட்டுக்கே போகக்கூடாது. போறவன் துரோகி." இதைச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். நீங்கள் போகாமல் இருப்பதால் ஹொட்டல் முதலாளி பட்டினி கிடக்கப் போவதில்லை. அவனுக்கு ஜேர்மன்காரனும் சீனாக்காரனும் வருவான். நீங்கள் போய், விலாசம் விசாரித்து, ஏறக்கூடிய அந்தச் சின்னப் படகின் சொந்தக்காரனுக்குத்தான் நட்டம். ஸ்காபுறோவில் இருந்துகொண்டு புறக்கணிப்பது சுகம். அதன் விலையைக் கொடுப்பவன் அங்கே இருக்கிறான்.

மூன்றாவது: "அப்ப தமிழன்ரை போட்டிலதான் ஏறவேணுமோ?" இல்லை. திருகோணமலைக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தொழில் செய்கிறார்கள். 2004 மார்கழியில் சுனாமி வந்தபோது அலை ஒருவரிடமும் இனம் கேட்கவில்லை. என்னுடைய கேள்வி படகுக்காரன் எந்தச் சாதி சமயம் என்பதல்ல. அவன் அந்தக் கரையில் சீவிக்கிறவனா, காசு அந்தக் கரையில் தங்குமா என்பதுதான்.

கனடாவைத் தூக்கிப்பிடித்து எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். இந்த நாட்டின் கதையும் அழகான கதை இல்லை. 1920களின் கடைசியில் பெலூகா மீனையெல்லாம் தின்றுவிடுகிறது என்று சொல்லி ஆகாயத்திலிருந்து குண்டு போட்டார்கள். முப்பதுகளில் கியூபெக் அரசு பெலூகா வாலொன்றுக்கு 15 டொலர் சன்மானம் கொடுத்தது. 1979 இல்தான் வேட்டை முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் ஆலைக் கழிவு அவற்றைக் கொன்றது. அந்தக் கரையின் பூர்வகுடிகளான இன்னு மக்களின் நிலம் எப்படிப் போனது என்பது தனிக்கதை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். ததூசாக்குக்குக் கிட்ட எசிப்பிட் என்ற இன்னு சமூகம் தானே படகு வாங்கித் திமிங்கிலம் காட்டும் தொழிலை நடத்தியிருக்கிறது. யாருடைய கரையோ அவர்கள் தங்கள் கடலைத் தாங்களே காட்டினார்கள், வந்த காசு அந்தச் சமூகத்துக்குப் போனது. பறித்த நிலத்துக்கு அது ஈடாகாது. ஆனால் நாங்கள் திருகோணமலைக்குக் கேட்கிற அளவுக்கு அதுவே ஒரு அளவுகோல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது; அதை மறைத்தால் நான் எழுதியது அரைக் கதையாகிவிடும். உள்ளூர்ப் படகு என்றால் மட்டும் போதாது. தெற்கே மிரிசவில் 2008 அளவில் பெருகத் தொடங்கிய தொழிலைப் பாருங்கள். ஒரு திமிங்கிலம் மூச்சுவிட மேலே வந்தால் அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு படகுகள் பாய்ந்த காலம் உண்டு. மூச்சுவிடவும் விடாமல், தீன் தின்னவும் விடாமல் துரத்துவது. 100 மீற்றருக்குள் போகக்கூடாது என்று 2012 இல் இலங்கையிலும் விதி வந்தது. விதி கடதாசியில் இருந்தால் போதுமா? போதாததற்கு தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே உலகத்தின் பெரிய கப்பற்பாதை ஒன்று திமிங்கிலங்கள் மேய்கிற இடத்தினூடாகவே போகிறது. கப்பல் மோதிச் செத்த நீலத் திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஆஷா டி வோஸ் வருசக் கணக்காக இதைச் சொல்லிவந்தார். 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே தள்ளி விடத் தொடங்கியது.

படகுக்காரன் ஏன் துரத்துகிறான்? வெளிநாட்டிலிருந்து வந்தவர் "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று கத்துவதால். கிட்டப் போனால் கைக்குள் கொஞ்சம் கூட வைப்பதால். அந்த வெளிநாட்டுக்காரர் இப்போது நாங்கள். டொலரும் பவுணும் கொண்டுபோய் இறங்குகிறவர்கள் நாங்கள். கரைக்காரனுக்குக் கடல் வேண்டும் என்று இங்கே கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, அங்கே போய் அந்தக் கடலின் உயிரைத் துரத்தச் சொல்லிக் காசு கொடுத்தால் அது என்ன நியாயம்? திமிங்கிலம் அந்தக் கரையை விட்டுப் போனால் ஹொட்டல்காரன் வேறு எதையாவது காட்டுவான். கரைக்காரன் எதைக் காட்டுவான்?

எங்கள் சனத்துக்குக் கடல் என்றால் மனதில் என்ன இருக்கிறது என்பதையும் நான் மறக்கவில்லை. 1986 ஆவணியில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்லாந்துக்கு அப்பால் தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்றியவர் கஸ் டால்ற்றன் என்ற மீனவர். திமிங்கிலம் பார்க்கக் கோடையில் சனம் தேடிப்போகிற கரைகள் அவை. 2010 ஆவணியில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்திறங்கிய இடம் விக்ரோறியாவுக்குப் பக்கத்து எஸ்குவைமோல்ற். அந்த விக்ரோறியாவிலிருந்து தினமும் சுற்றுலாப் படகுகள் ஓர்க்கா பார்க்கப் போகின்றன. வந்தவர்களைச் சிறையில் வைத்தார்கள். கடலில் இறங்கினால் பிடிப்பார்கள் அல்லது சாவோம் என்பதுதான் எங்களுக்குக் கடல் சொல்லித்தந்த பாடம். அதனால்தான் என் நண்பன் இருபது வருசமாகப் படகில் ஏறவில்லை. அதனால்தான் யாரும் பாஸ் கேட்காதது அவனுக்கு அவ்வளவு பெரிய விசயமாகப் பட்டது.

அந்தச் சுதந்திரம் ததூசாக்கில் எங்களுக்குக் கிடைக்கிறது, ரிக்கற்றோடு. திருகோணமலையில் பிறந்தவனுக்குத் திருகோணமலைக் கடலில் அது கிடைக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி. பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

ஆகவே, அடுத்த கோடையில் போகிறவர்களுக்கு மூன்றே மூன்று வேண்டுகோள். எங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிற சோளகக் காலமும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆனபடியால் போவீர்கள் என்று தெரியும். ஹொட்டல் மேசையில் பணம் கட்டமுன், படகு யாருடையது, அவர் எந்தக் கிராமம் என்று கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் கடற்கரைக்கு நடந்துபோய் நீங்களே விசாரியுங்கள். படையினர் நடத்துகிற எதிலும், அது கப்பலோ விடுதியோ தேத்தண்ணிக் கடையோ, உங்கள் காசைக் கொடுக்காதீர்கள். ஏறியபிறகு படகுக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, கிட்டப் போகத் தேவையில்லை. துரத்தவேண்டாம். தூர நிண்டு பாப்பம். பேசின காசு பேசினதுதான், காணாட்டிலும் தருவம்."

இந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல அரை நிமிசம் போதும். திமிங்கிலத்துக்கும் நல்லது, அண்ணைக்கும் நல்லது.